தாடி ஓணானுக்குத் தரை போடுவது எப்படி?

நாய், பூனை, லவ் பேர்ட்ஸ், மீன் தொட்டி என்ற வரிசையில் இப்போது மும்பையில் நம்மவர் வீடுகளுக்கும் ஒரு புது விருந்தாளி வந்து சேர்ந்திருக்கிறது. ‘பியர்டட் டிராகன்’ என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நம் ஊர் வேலியோரம் தலையாட்டிக்கொண்டு நிற்குமே ஓணான், அதுவும் இதுவும் ஒரே குடும்பம். மிரண்டாலோ கோபம் வந்தாலோ தொண்டைத் தோலை உப்பவைத்துக் கறுப்பாக்கிக் காட்டும். ஆகவே ‘தாடி ஓணான்’ என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். ஆஸ்திரேலியாவின் உட்பகுதி இதன் தாய்வீடு. வால் உட்பட ஒன்றரை அடி முதல் இரண்டு அடி வரை வளரும். சாதுவான பிராணி. சரியாகப் பராமரித்தால் சுமார் 10 ஆண்டுகள் வாழும்.

ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்றவனுக்கு ஓணானைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் உள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தில் ஏழாம் வகுப்பு படிக்கும் பெண், பிறந்தநாளுக்குக் கிடைத்த பணத்தைச் சேர்த்துவைத்து ஒரு குட்டித் தாடி ஓணான் வாங்கினாள். விற்ற கடைக்காரரே ஒரு பை வண்ண மணலும் கொடுத்து, “பாலைவனத்துப் பிராணி, இதுதான் அதற்கு இஷ்டம்” என்று சொல்லி அனுப்பினார். இரண்டு மாதத்தில் அது தீனியை விட்டது. கழிவு வெளியேறவில்லை. பின்கால்களை இழுத்துக்கொண்டு நடந்தது. எக்ஸ்ரே எடுத்தபோது குடல் முழுக்க மணல் அடைத்திருந்தது. மருத்துவர் முயன்றும் பிழைக்கவில்லை. அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்: “தாத்தா, பாலைவனத்துப் பிராணிக்கு மணல் எப்படி ஆகாமல் போகும்?”

கேள்வி என்னை விடவில்லை. தரை போடுவதுதான் என் வாழ்நாள் தொழில். எனவே படித்தும், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை, குழந்தைகளின் ஆசைக்கு இணங்கப் போகும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

பாலைவனம் வேறு, பை மணல் வேறு

பாலைவனம் என்றாலே மணல்மேடு என்பது சினிமா பார்த்து வந்த எண்ணம். தாடி ஓணான் வாழும் வறண்ட பிரதேசத்தில் பெரும்பாலும் களிமண்ணும் மணலும் கலந்து, வெயிலில் காய்ந்து இறுகிய தரைதான் இருக்கும். அதிலும் அது சும்மா தரையில் கிடப்பதில்லை. பாறை, விழுந்த மரம், வேலிக்கம்பம் என்று ஏறி உட்கார்ந்து வெயில் காயும். கடையில் விற்பதோ உலர்ந்த, உதிரியான, ஒரே அளவான மணல். நான்கடிப் பெட்டிக்குள் தினமும் அதே மணல் மீதே தீனி தின்றால் என்ன ஆகும்?

இந்த ஓணான் பூச்சியை நாக்கால் ஒட்டியெடுத்துத்தான் பிடிக்கும். நாக்கு ஈரமானது, பூச்சியோடு மணலும் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். புது இடத்தை அறிவதற்கும் தரையை நக்கிப் பார்க்கும். வளர்ந்த, ஆரோக்கியமான ஓணான் கொஞ்சம் மணலை விழுங்கினால் கழிவோடு தள்ளிவிடும். குட்டிக்குக் குடல் குறுகியது. பசியும் அதிகம்.

இன்னொரு விஷயம் முக்கியம். ஓணானுக்கு நம்மைப் போல உடம்புக்குள் சூடு உற்பத்தியாவதில்லை. வெளியிலிருந்து வெப்பம் கிடைத்தால்தான் ஜீரணம் நடக்கும். புற ஊதா ஒளி கிடைத்தால்தான் உடம்பில் வைட்டமின் டி உண்டாகிக் கால்சியம் சேரும். கால்சியம் குறைந்தால் எலும்பு மட்டுமல்ல, குடல் தசையும் பலவீனப்படும். விளக்கு சரியில்லை, சூடு போதவில்லை, தண்ணீரும் குறைவு என்ற நிலையில் மணலும் சேர்ந்தால் அடைப்பு நிச்சயம். ஆக, மணல் தனியாகக் குற்றவாளி அல்ல. ஆனால் மற்ற எல்லாக் குறைகளையும் உயிராபத்தாக மாற்றுவது அதுதான்.

தரைக்கு நான்கு கேள்விகள்

ரயில் பாதையில் ஸ்லீப்பருக்கு அடியில் போடும் ஜல்லி 20 மில்லிமீட்டரிலிருந்து 65 மில்லிமீட்டர் வரை உள்ள அளவில் இருக்கும். கண்டதைக் கொட்டிவிட முடியாது. பாரம் தாங்க வேண்டும், அசையாமல் பிடிக்க வேண்டும், மழைத் தண்ணீர் வடிய வேண்டும். தூசியும் மண்ணும் ஜல்லிக்குள் புகுந்தால் ஈரம் தங்கிப் பாதை கெடும். எடுத்துச் சலித்துத்தான் மறுபடி போடுவோம். தரை என்ன வேலை செய்ய வேண்டும் என்று தெரிந்த பிறகே பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். ஓணான் பெட்டிக்கு நான்கே கேள்விகள்:

1. வாய்க்குள் போகுமா? போனால் ஜீரணமாகுமா, வெளியே வருமா?
2. ஈரத்தைப் பிடித்துவைக்குமா?
3. காலுக்குப் பிடிப்பு இருக்குமா? நகம் சிக்குமா?
4. எடுத்துக் கழுவ முடியுமா?

இந்தக் கேள்விகளை வைத்துக் கடைச் சரக்கை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கால்சியம் மணல்: ‘தின்றாலும் கரைந்துவிடும், சத்தும் கூட’ என்று சொல்லி விற்பார்கள். இதுதான் மிகவும் ஏமாற்றக்கூடியது. ஈரம் பட்டால் கட்டி தட்டும். கால்சியம் குறைந்த பிராணி அதைத் தேடித் தின்னவும் செய்யும். வேண்டாம்.

வால்நட் ஓட்டுத் தூள்: பார்க்க மணல் போல அழகாக இருக்கும். துகள்களின் முனை கூர்மை, ஜீரணமும் ஆகாது. வேண்டாம்.

மரத்தூள், மரச்சீவல்: விழுங்கும் அபாயம் ஒருபுறம். தேவதாரு போன்ற வாசனை மரங்களின் எண்ணெய் ஆவி ஊர்வனவற்றின் சுவாசத்தைப் பாதிக்கும் என்பது மறுபுறம்.

பூனைக்குப் போடும் மண்: ஈரம் பட்டதும் உப்பிக் கட்டியாவதற்கென்றே செய்யப்பட்டது. குடலுக்குள் போனாலும் அதே வேலையைத்தான் செய்யும்.

தேங்காய் நார்த்தூள்: நம் ஊர்ப் பொருள் என்று பாசம் வரும். ஆனால் ஈரத்தைப் பிடித்துவைப்பதே அதன் குணம். தாடி ஓணானுக்குத் தேவை 30 முதல் 40 சதவீதம் ஈரப்பதம் உள்ள வறண்ட காற்று. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் வீட்டு அப்பளமே நமுத்துப்போகிறது. அந்த நாட்களில் நார்த்தூளில் பூஞ்சை பிடிக்கும்.

செயற்கைப் புல் விரிப்பு, கார்ப்பெட்: விழுங்க முடியாது என்பது நல்ல குணம். ஆனால் பிரிந்த நூலில் விரலும் நகமும் சிக்கும். அழுக்கு உள்ளே இறங்கிவிடும். போடுவதானால் இரண்டாக வாங்கி மாற்றி மாற்றித் துவைக்க வேண்டும். நூல் பிரிந்ததும் எறிந்துவிட வேண்டும்.

காகிதம்: அச்சடிக்காத வெள்ளைக் காகிதம் அல்லது சமையலறை டிஷ்யூ காகிதம். மலிவு, சுத்தம், தினமும் மாற்றலாம். கழிவு எப்படி இருக்கிறது என்பது உடனே தெரியும். புதிதாக வந்த ஓணானுக்கும், குட்டிக்கும், நோயாளிக்கும் இதைவிட நல்லது கிடையாது. பிடிப்புக்கு நடுவில் ஒரு கட்டையோ கல்லோ வைத்தால் போதும்.

கல்: என் ஓட்டு இதற்குத்தான். மெருகு போடாத கோட்டா கல், கடப்பா கல், அல்லது வழுக்காத சொரசொரப்பான டைல். விழுங்க முடியாது, ஈரம் தங்காது, விளக்கின் சூட்டை வாங்கிப் பரப்பும், நகமும் தானாகத் தேயும். மெருகேற்றிய கிரானைட், மார்பிள் வேண்டாம், கால் வழுக்கும்.

கல் போடும் முறை

வளர்ந்த ஓணானுக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமாவது உள்ள பெட்டி வேண்டும். அந்த அளவுக்கு 20 மில்லிமீட்டர் கனக் கோட்டா கல் போட்டால் எடை சுமார் 37 கிலோ வரும். கண்ணாடித் தொட்டியின் அடிப்பாகம் அதைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம். 8 மில்லிமீட்டர் டைல் என்றால் சுமார் 14 கிலோதான். மரப் பெட்டியும் உறுதியான மேஜையும் இருந்தால் எதுவும் சரி. ஒரே பலகையாகப் போடாமல் மூன்று துண்டாக வெட்டி, ஓரங்களைத் தேய்த்து மழுப்பி, இடைவெளி இல்லாமல் நெருக்கிப் போடுங்கள். இடைவெளி விட்டால் தீனிப் பூச்சிகள் அதற்குள் ஒளியும். கோட்டா கல் சுண்ணாம்புக்கல் வகை. வினிகர், ஆசிட் பட்டால் அரித்துவிடும். சோப்புத் தண்ணீரும் வெயிலும் போதும். வீட்டில் உபயோகிக்கும் பினாயிலைப் பெட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அந்த வகைக் கிருமிநாசினி ஊர்வனவற்றுக்கு விஷம்.

வெப்பம் எப்போதும் மேலிருந்து வர வேண்டும், சூரியனைப் போல. அடியில் வைக்கும் சூட்டுக்கல் வேண்டாம். வயிறு வெந்தாலும் உடனே விலகத் தெரியாத பிராணி இது. விளக்குக்கு நேர் கீழே கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரையும், பெட்டியின் மறுமுனை 25 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும். காற்றின் வெப்பத்தை அளந்து திருப்திப்படக் கூடாது. கோடையில் தண்டவாளத்தின் சூடு காற்றின் சூட்டைவிட எவ்வளவோ அதிகம் என்பதால் தெர்மாமீட்டரைத் தண்டவாளத்தின் மீதே வைத்து அளப்போம். இங்கும் கல்லைத்தான் அளக்க வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி தெர்மாமீட்டர் இதற்குப் பயன்படாது. அது உடம்புச் சூட்டின் எல்லைக்குள் மட்டுமே காட்டும். தொழிற்சாலைகளில் உபயோகிக்கும் இன்ஃப்ராரெட் வகை வாங்குங்கள்.

தோண்டும் ஆசைக்கு என்ன செய்வது?

தோண்டுவது அதன் இயல்பு, கல் தரை அதைத் தடுக்கிறது என்பது உண்மை. இதற்குப் பெட்டியின் ஒரு மூலையில் தனித் தட்டு வைக்கலாம். கழுவிய மணலும் உரம் கலக்காத தோட்ட மண்ணும் சேர்த்து, நனைத்து அழுத்தி, காயவிட்டு இறுக்க வேண்டும். அனுபவசாலிகள் சிலர் வளர்ந்த ஓணானுக்குப் பெட்டி முழுவதுமே இப்படிப் போடுகிறார்கள். வெளிச்சமும் சூடும் சரியாக இருந்தால் அது தவறில்லை. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்குத் தட்டே போதும். தீனியை மட்டும் கிண்ணத்தில் வையுங்கள், அல்லது இடுக்கியால் கொடுங்கள்.

பெண் ஓணான் ஆண் துணை இல்லாமலே முட்டையிடும். அந்தச் சமயத்தில் 25 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஈரமண் நிரப்பிய தொட்டி அவசியம். தோண்ட இடமில்லாவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிவைத்து உயிருக்கே ஆபத்தாகும்.

பெற்றோர் கவனத்துக்கு

ஊர்வனவற்றின் கழிவில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். பிராணி ஆரோக்கியமாகவே தெரியும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். தரைக் கல்லைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும், வயதான, நோய் எதிர்ப்பு குறைந்த பெரியவர்களும் தொடாமல் இருப்பதே நல்லது.

சட்டத்தையும் பாருங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, வெளிநாட்டுப் பிராணிகள் பலவற்றுக்குப் பதிவு அவசியமாகிவிட்டது. ஆஸ்திரேலியா தன் ஊர்வனவற்றை வியாபாரத்துக்கு ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. எனவே வீட்டில் வளர்க்கப்பட்ட ஜோடிக்குப் பிறந்ததுதானா என்று ரசீதுடன் கேளுங்கள். வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வாங்குங்கள். சலித்துப்போனால் பூங்காவில் விட்டுவிடலாம் என்ற எண்ணம் மட்டும் கூடவே கூடாது.

தீனி குறைதல், சில நாட்களாகக் கழிவு வராமை, வயிறு உப்பல், பின்கால் தள்ளாட்டம் - இவற்றில் எது தெரிந்தாலும் எண்ணெய், கஷாயம் என்று கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஊர்வன பார்ப்பதில்லை. ஆகவே அப்படி ஒருவரை முன்கூட்டியே தேடிவைத்துக்கொள்ள வேண்டும். வரிசை இதுதான்: முதலில் மருத்துவர், பிறகு விளக்கு, பிறகு தரை. மூன்றும் தயாரான பிறகே ஓணான்.