பனிச்சரிவு

வேளிமலையையும் மருத்துவாழ்மலையையும் கண்டு வளர்ந்த நமக்கு மலை என்றால் மழையும் அருவியுமே நினைவில் எழும். உறைபனியை நம்மிற் பெரும்பாலோர் படத்தில் மட்டுமே கண்டுள்ளோம். ஆயினும், 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்திலுள்ள சோனம் காவல்நிலையின்மேற் பனி சரிந்தபோது புதையுண்ட பதின்மரிற் பெரும்பாலார் மதராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாளத்தார், நால்வர் தமிழ்நாட்டினர். பத்மநாபபுரத்தில் தோன்றியதாகச் சொல்லப்படும் திருவிதாங்கூர்ப் பட்டாளமும் பிற்காலத்தில் இதே ரெஜிமெண்டிற் சேர்ந்ததாகலின், இச்செய்தி நமக்கு அயலானதன்று.

பனி சரிவது எங்ஙனம்? களத்திற் குவித்த நெற்பொலியை நோக்குவோம். ஓரளவு சாய்வு வரை நெல் நிற்கும். அதனை மீறினால் உருளும். பனியும் மிகச் செங்குத்தான பாறையில் தங்குவதில்லை. சிறு சாய்விலிருந்து ஓடுவதுமில்லை. 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளே பெரிதும் அஞ்சத்தக்கவை.

எனினும், இவ்வுவமை பாதி வழியே நம்முடன் வரும். பனி ஒரே பொலியன்று. வெவ்வேறு நாளிற் பெய்த அடுக்குகள். கடுங்குளிர்க் காலத்தில் மேற்பரப்பினும் அடிநிலம் வெப்பமுடையது. அவ்வெப்ப வேற்றுமையால் நீராவி பனியினூடே மேலெழுந்து, அடிப்பனியைச் சர்க்கரை போன்ற ஒட்டாத மணிகளாக மாற்றிவிடும். அதன்மேற் காற்று கொணர்ந்து குவிக்கும் பனியோ இறுகிப் பலகையாகும். கடுகின்மேல் வைத்த பலகை எத்துணை நேரம் நிற்கும்? ஒருவன் கால் வைத்த பாரமே போதும். அடியடுக்கு நொறுங்க, வெடிப்பு மலைச்சரிவின் குறுக்கே பாய்ந்து, பலகை முழுதும் பெயர்ந்துவிடும். பனிமலைகளில் உல்லாசமாய்ச் செல்வோர் இறக்கும் விபத்துகளிற் பெரும்பாலானவற்றில் சரிவைக் கிளப்பியவர் அவரோ, அவர்தம் தோழரோதான்!

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. காலடியில் ‘வும்’ என்று பனி அமிழும் ஓசை, மிதித்த இடத்தினின்று ஓடும் கீறல், அருகில் அண்மையில் நிகழ்ந்த சரிவு, முந்திய நாட் பெரும்பனி, திடீர் வெப்பம் ஆகியவை கண்டால் திரும்புவதே அறிவுடைமை. பெரும்பனிக்குப் பின் வானம் தெளிந்து வெயில் எறிக்கும் காலையே மனத்தை மலைக்கு இழுப்பது. ஆபத்து மிக்கதும் அக்காலையே.

சரிந்த பனி நின்றவுடன் சாந்துபோல் இறுகும். புதைந்தவன் விரலையும் அசைக்க இயலாது. கால்மணிக்குள் தோண்டியெடுக்கப்பட்டோரிற் பெரும்பாலார் பிழைக்கின்றனர். அரைமணி கடந்தாற் சிலரே. கொல்வது பெரும்பாலும் குளிரன்று, மூச்சுக்குக் காற்றின்மையே. ஆதலின், இருப்பிடம் அறிவிக்கும் சிறு ரேடியோக் கருவியும், பனியிற் குத்திப் பார்க்கும் கோலும், மண்வெட்டியும் ஒவ்வொருவரிடமும் இருத்தல் வேண்டும். தொலைவிலிருந்து உதவி வரும்வரை அக்கால்மணி காத்திராது.

சோனத்தில் வீழ்ந்ததோ பனிக்கட்டிச் சுவர். வெட்டும் பொறிகளும் மோப்ப நாய்களும் வேண்டியிருந்தன. ஆறாம் நாள், பிப்ரவரி 8-ல், சுமார் 25 அடி ஆழத்தில், கருநாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிருடன் காணப்பட்டார். கூடாரத்துள் அகப்பட்டிருந்த காற்றே அவரைக் காத்தது என்பர். டில்லி இராணுவ மருத்துவமனையில் பிப்ரவரி 11-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். மற்றை ஒன்பதின்மரும் சடலங்களாகவே மீட்கப்பட்டனர்.