ஐபோன் விற்கும் கடைக்கு 4 லட்சம் மரத்துண்டுகளில் கூரை... ஐபோன் செய்யும் பெண்களுக்கு?

இந்தியாவின் முதல் ஆப்பிள் ஸ்டோர், 2023 ஏப்ரல் 18 அன்று மும்பை பாந்த்ரா குர்லா வளாகத்தில் திறக்கப்பட்டது. உள்ளே நுழைந்ததும் கண் போவது மரக்கூரைக்குத்தான். மொத்தம் 1,000 ஓடுகள். ஒவ்வொன்றிலும் 408 மரத்துண்டுகள்! டெல்லியில் கோத்துக் கொண்டுவந்தார்கள். சுவருக்கு ராஜஸ்தான் கல். மாடிக்கு ஏற 14 மீட்டர் எஃகுப் படிக்கட்டு.

அங்கே விற்கும் ஐபோனைத் தயாரிக்கும் ஆலைகளில் ஒன்று நம் ஸ்ரீபெரும்புதூரில். வேலை செய்பவர்களில் பெரும்பாலானோர் இளம்பெண்கள். 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் பலருக்கு உடல்நலம் கெட, நெடுஞ்சாலையில் மறியலில் இறங்கினார்கள்.

2024 ஆகஸ்ட் 17-ல் வல்லம் வடகாலில் சிப்காட்டின் குடியிருப்பு திறக்கப்பட்டது. செலவு 706.50 கோடி ரூபாய். 18,720 பேர் தங்கலாம். போன் வைக்கும் மேஜைக்கே இவ்வளவு யோசித்தால், செய்பவர் தலைசாய்க்கும் அறைக்கும் யோசிக்க வேண்டும்தானே!