கடற்கரைத் தக்காளியின் குணம்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், எரிமலைக் குழம்பு இறுகி உண்டான காலபாகஸ் தீவுகளில், உப்புத் திவலை வந்து விழும் பாறை இடுக்குகளிலும் வேர் ஊன்றி, விரல் நுனியளவு மஞ்சள் பழங்களைத் தாங்கிக்கொண்டு ஒரு காட்டுத் தக்காளி வளர்கிறது. 1835இல் அத்தீவுகளுக்குச் சென்ற சார்ல்ஸ் டார்வின் சேகரித்த தாவரங்களுள் இதுவும் ஒன்று. நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்ட இதனைத் தாவர சாஸ்திரிகள் இப்போது இரண்டு இனங்களாகப் பிரித்திருக்கிறார்கள். உப்பு மண்ணில் தக்காளி பிழைக்குமா என்ற கேள்விக்கு கிடைத்திருக்கும் விடைகளிற் சில, இச்செடியின் விதையிலிருந்து புறப்பட்டவை.

விதையைப் பெறுவது எளிதாக இருந்தபோதிலும், அதை முளைக்க வைப்பது எளிதாக இருக்கவில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் தக்காளியின் பரம்பரைக் குணங்களை ஆயுள் முழுவதும் ஆராய்ந்த சார்ல்ஸ் ரிக், இத்தீவு விதைகள் மண்ணில் ஊன்றியும் உறங்கிக் கிடப்பதைக் கண்டு, அத்தீவுகளுக்கே உரிய ராட்சத ஆமைகள் அப்பழங்களைத் தின்பதை நினைவில் கொண்டு, பௌமன் என்ற விஞ்ஞானியின் துணையோடு ஆமைகளுக்கே அவற்றை ஊட்டினார். ஆமையின் குடலில் ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை தங்கி வெளிவந்த விதைகள் செழிப்பாக முளைத்தன. 1961இல் வெளியான இக்கண்டுபிடிப்பைப் படிக்கும்போது, ஒரு பிராணியின் ஜீவிதம் ஒரு செடியின் சந்ததியோடு எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்திருக்கிறது என்பதை எண்ணி வியக்காமல் இருக்க முடிவதில்லை.

இவ்விதைகளின் உண்மையான வலிமை 1976இல் வெளிப்பட்டது. அதே டேவிஸில் தாவரங்களின் போஷாக்கை ஆராய்ந்த இமானுவேல் எப்ஸ்டைனும் ரஷ் என்பவரும், கடல்மட்டத்துக்குச் சற்றே மேலே வளர்ந்த செடியின் சந்ததியையும் வயல் தக்காளியையும் அருகருகே வைத்து, உப்பின் அளவைச் சிறுகச் சிறுகக் கூட்டினார்கள். வயல் தக்காளி, கடல்நீரின் உப்பில் பாதியைத் தாண்டியதும் பெரும்பாலும் மடிந்தது. தீவுத் தக்காளியோ, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள முழுக் கடல்நீரின் வன்மையிலும் உயிரோடு நின்றது. இதிலும் விசேஷமானது, இரண்டும் உப்பை எதிர்கொண்ட விதம். வயல் தக்காளி சோடியத்தை இலைக்கு ஏற விடாமல் தடுக்கப் பார்த்து, தடுக்க இயலாத அளவு வந்தபோது வீழ்ந்தது. தீவுத் தக்காளி அதைத் தாராளமாக உள்ளே ஏற்று, இலையில் சேர்த்து வைத்துக்கொண்டே வளர்ந்தது.

உப்பு மண் செடியை இருவகையில் வருத்துகிறது. மண்ணின் நீர் உப்பாக இருந்தால் வேர் அதை உறிஞ்சுவது கடினமாகி, ஈரம் இருந்தும் செடி தாகத்தால் வாடுகிறது. சில நாட்களுக்குப் பின், இலையில் குவியும் சோடியம், அயனியாகப் பார்த்தால் ஒத்த சாயலுடைய பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, பொட்டாசியத்தை நம்பி நடக்கும் நொதிகளின் வேலையைக் கெடுக்கிறது. ஆகவே உப்பைத் தாங்குவதென்பது, சோடியத்தைத் தடுப்பதோ, தடுக்க முடியாததைச் செல்லின் நடுவே உள்ள வாக்குவோல் என்ற பைக்குள், வீட்டார் நஞ்சைப் பூட்டிவைப்பது போலப் பூட்டிவைப்பதோ, பொட்டாசியத்தை விடாமல் பிடித்துக்கொள்வதோ ஆகும். பெரும்பாலும் இவை யாவும் கூடி நடக்க வேண்டியிருக்கிறது.

இவற்றை நடத்தும் ஜீன்கள் ஒவ்வொன்றாகத் தெரியவருகின்றன. 2013இல் ஸ்பெயின் ஆராய்ச்சியாளர், இலையில் சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள விகிதத்தை நிர்ணயிக்கும் இரு ஜீன்கள் தக்காளியின் ஏழாவது குரோமோசோமில் அருகருகே இருப்பதைச் சுட்டினார்கள். நீரேற்றும் குழாய்களில் செல்லும் சோடியத்தை வழியிலேயே மீட்டெடுப்பது அவ்விரண்டின் தொழில். 2020இல் சீன விஞ்ஞானிகள் வேறொரு ஜீனை ஆராய்ந்து, மனிதன் பழத்தின் பருமனையும் வேறு நலன்களையும் தேடிப் பயிரை வளர்த்துவந்த காலத்தில், உப்பைத் தாங்கும் திறம் குன்றிப்போன வரலாற்றின் சுவடு அதில் இருப்பதைக் காட்டினார்கள். நாம் வேண்டுமென்றே கைவிட்டதல்ல அத்திறம். அதைக் கவனியாமலே இழந்தோம் என்பதே உண்மை.

மிகப் பெரிய ஆரவாரத்தை எழுப்பியது 2001இல் எடுவார்டோ புளூம்வால்டும் அவருடைய சகாவும் வெளியிட்ட ஆய்வு. அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியின் ஒரு ஜீனை, சோடியத்தை வாக்குவோலுக்குள் தள்ளும் புரதத்தைத் தரும் ஜீனை, தக்காளியில் அவர்கள் மிகுதியாக இயங்கச் செய்தபோது, கடல்நீரின் சோடியத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு நெருங்கிய உப்பு நீரில் அச்செடிகள் பூத்துக் காய்த்தன. சோடியம் இலைகளிலே தங்க, பழத்தில் மிகச் சொற்பமே சேர்ந்தது. அழகான ஆய்வு இது, ஐயமில்லை. ஆயினும் கண்ணாடி வீட்டில் ஒரே ஜீனால் கிடைத்த வெற்றியை, வெயிலும் மழையும் நிலத்துக்கு நிலம் மாறும் உப்பும் உள்ள வயலுக்கு அப்படியே கொண்டுசெல்ல முடியாது என்பதை இத்துறையினரே நன்கு அறிவர். பல ஜீன்கள் கூடி ஆளும் குணத்துக்குப் பல தலைமுறைகளின் தேர்வு வேண்டியிருக்கிறது. எப்ஸ்டைன் குழுவினர் தீவுத் தக்காளியை வயல் தக்காளியோடு கலந்து, எழுபது சதவீதக் கடல்நீரிலும் பழம் தரும் செடிகளைப் பெற்றபோது, அப்பழங்கள் செர்ரித் தக்காளியின் அளவாகவே இருந்தன.

மேலும், முழுக் கடல்நீரைக் கேட்கும் உழவர் எவரும் இல்லை. மண்ணின் உப்பு, மின்கடத்துதிறனாக அளக்கப்படும் கணக்கில் மீட்டருக்கு 2.5 டெசிசீமன்ஸ் அளவைக் கடந்தாலே தக்காளியின் மகசூல் இறங்கத் தொடங்கி, அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் ஏறத்தாழப் பத்து சதவீதம் குறைகிறது; கடல்நீரின் அளவோ 50ஐ ஒட்டியது. ஐந்து, ஆறு என்ற நடுத்தர உவர்ப்பில் மகசூல் கெடாத ஓர் இனத்தைத் தருவதே போதிய உபகாரம். ஆகையால் செடி எத்தனை நாள் சாகாமல் நின்றது என்று எண்ணுவதை விட்டு, உவர் நிலத்தில் எத்தனை கிலோ பழம் தந்தது என்று எடைபோட்டே இனங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரிக் சேகரித்த காட்டுத் தக்காளி விதைகள், அவர் பெயரைத் தாங்கிய டேவிஸ் விதைக் களஞ்சியத்திலிருந்து ஆராய்ச்சியாளர்களுக்கு இன்றும் அனுப்பப்படுகின்றன. ஆனால் தீவுகளில், வெளியிலிருந்து வந்து பரவிய வேறொரு தக்காளி இனம் அங்குள்ளவற்றோடு கலந்துவருகிறது. தீவுகளுக்கே உரிய தக்காளிச் செடிகள் முன்பு பதிவான இடங்கள் சிலவற்றில் இப்போது காணப்படவில்லை. களஞ்சியத்து விதைக்குச் செலவிடும் கவனத்தை, அவ்விதை பிறந்த கரைக்கும் அரசுகளும் விஞ்ஞானச் சபைகளும் தாமதமின்றித் தர வேண்டும்.