யோர்தானுக்கு இக்கரையில் பன்னிரண்டு கற்கள்

அன்றாட விசுவாசம் – 9

ஞாயிறு ஆராதனையில் ஐயர் ஸ்தோத்திரக் காணிக்கைகளை வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். மகளுக்கு வேலை கிடைத்ததற்காக 500 ரூபாய். அறுவை சிகிச்சை நலமாக முடிந்ததற்காக 1,000 ரூபாய். பிரயாணத்தில் காத்த கிருபைக்காக, பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் 100 ரூபாய். நம் சபைகளில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது. கர்த்தர் இந்த வாரம் நம் தெருவில் என்ன செய்தார் என்பது ஊரறிய வாசிக்கப்படுகிறது.

அந்த மகளின் வேலை ஆறு மாதத்தில் போய்விட்டால் என்ன ஆகும்? அதே வீட்டில், அதே வாயால், "ஆண்டவர் எங்களை மறந்துவிட்டார்" என்ற பேச்சு வரும். வேலை கிடைத்த ஞாயிறும் அன்று வாசித்த சீட்டும் யாருடைய நினைவிலும் இருக்காது. சென்ற வாரம் நன்றி செலுத்துதலைப் பார்த்தோம். நன்றி, பெற்ற அன்று சொல்வது. நினைவுகூருதல், பெறாத அன்று செய்ய வேண்டியது. இரண்டாவதுதான் கடினம். அதனால்தான் வேதம் அதை மனிதனின் ஞாபகசக்தியை நம்பி விட்டுவிடவில்லை.

யோசுவா 4-ம் அதிகாரத்தைப் பாருங்கள். அறுப்புக் காலம், யோர்தான் கரைபுரண்டு ஓடும் நேரம். தண்ணீர் நின்று ஜனங்கள் கடந்தபின், கோத்திரத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர் ஆற்றின் நடுவிலிருந்து ஆளுக்கொரு கல்லைத் தோளில் சுமந்து வருகிறார்கள். அந்தக் கற்கள் கில்காலில் நாட்டப்படுகின்றன. பிள்ளைகள் ஒருநாள் இவை என்ன என்று கேட்பார்கள், அப்போது நடந்ததைச் சொல்லுங்கள் என்பதே கட்டளை.

இதற்கு அடுத்த அதிகாரத்தில் நாம் அதிகம் கவனிக்காத ஒரு செய்தி இருக்கிறது. கில்காலில் பஸ்காவை ஆசரித்து, அந்தத் தேசத்தின் தானியத்தைச் சாப்பிட்ட மறுநாள் மன்னா நின்றுபோகிறது. நாற்பது வருடம் விடியற்காலையில் வாசலில் கிடந்த அடையாளம் இனி இல்லை. இனிமேல் உழ வேண்டும், விதைக்க வேண்டும், மழைக்குக் காத்திருக்க வேண்டும். கையால் உழைத்துச் சாப்பிடும்போது, கொடுத்தவரை மறப்பது எளிது. வயிறு நிறைந்து, நல்ல வீடு கட்டி, ஆடுமாடு பெருகும்போதுதான் கர்த்தரை மறக்கும் ஆபத்து என்று மோசே உபாகமம் 8-ல் முன்பே எச்சரித்திருந்தார். மன்னா நிற்பதற்கு முன்பே கற்கள் நாட்டப்பட்டுவிட்டன. அற்புதம் கண்ணில் படாத சாதாரண நாட்களுக்காகவே அவை நாட்டப்பட்டன.

சாதாரண நாட்கள் என்றதும் 136-ம் சங்கீதம் நினைவுக்கு வருகிறது. 26 வசனங்கள், ஒவ்வொன்றும் தேவனுடைய கிருபையைச் சொல்லும் ஒரே வரியில் முடிகிறது. வானம், பூமி, சூரியன், சந்திரன், எகிப்து, செங்கடல், வனாந்தரம், ராஜாக்கள் என்று பெரிய காரியங்களாகவே வந்துகொண்டிருக்கும். முடியப்போகும் இடத்தில், 25-ம் வசனத்தில், மாம்சமான யாவுக்கும் ஆகாரம் கொடுக்கிறவர் என்ற துதி வருகிறது. செங்கடல் இருக்கும் அதே வரிசையில் இன்று மத்தியானம் நம் வீட்டில் பொங்கிய சோறும் இருக்கிறது. நம் சாட்சிக் கூட்டங்களில் விபத்தில் தப்பியதையும் வியாதி நீங்கியதையும் சொல்கிறோம். வியாதியே வராத வருடத்தை யாரும் சாட்சியாகச் சொல்வதில்லை. அதையும் சொல்லப் பழக வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழும். ஜெபித்தும் கிடைக்காதவர்கள் என்ன செய்வது? குணமடைந்தவர் சாட்சி சொல்லும் அதே ஆலயத்தில், அதே வியாதியில் கணவனை இழந்த பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவருக்காகவே 77-ம் சங்கீதம் இருக்கிறது. ஆசாப் இரவெல்லாம் தூங்காமல், தேவன் இரக்கம் செய்ய மறந்தாரோ என்றே கேட்டுவிடுகிறார். கேட்டதற்காக வேதம் அவரைக் கண்டிக்கவில்லை. பிறகு அவர் பூர்வநாட்களின் செயல்களை ஒவ்வொன்றாக நினைக்கத் தொடங்குகிறார். அவருடைய துன்பம் தீர்ந்ததாக அந்தச் சங்கீதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. தம் ஜனத்தை மந்தையைப்போல நடத்தினவரை நினைப்பதோடு சங்கீதம் முடிந்துவிடுகிறது. கண்ணீரோடு நினைப்பதும் நினைவுகூருதல்தான். சொந்த வாழ்க்கையில் நினைக்க எதுவும் அகப்படாத நாளில், சபையின் நினைவைப் பற்றிக்கொள்ளலாம். சிலுவையும் காலியான கல்லறையும் எல்லாருக்கும் பொதுவானவை. ஒவ்வொரு திருவிருந்தும் அந்த நினைவுகூருதலே.

நினைவு மனதோடு நின்றுவிடக் கூடாது. கைக்கும் இறங்க வேண்டும். உபாகமம் 24-ல், வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது என்கிறது நியாயப்பிரமாணம். நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தவன் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்த நம் பாட்டிமார்களுக்கு இது தெரிந்திருந்தது. கடல் கடந்து வந்தவர்களிடமிருந்து சுவிசேஷம் பெற்ற திருநெல்வேலிச் சபை, 1903-ல் வி. எஸ். அசரியா போன்றவர்களின் முயற்சியால் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தன் மக்களையே தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு அனுப்பியது. பெற்றதை நினைக்கும் சபை கொடுக்காமல் இருக்க முடியாது.

இதை வீட்டில் எப்படித் தொடங்குவது? டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை வாங்குகிறோம். புதியது வந்ததும் பழையதை வீசிவிடாதீர்கள். அந்த வருடம் நடந்ததை அதன் பின்புறம் தேதியோடு எழுதி வேதாகமத்தில் வையுங்கள். நடக்காததையும் மறைக்காமல் எழுதுங்கள். மாதம் ஒருமுறை குடும்ப ஜெபத்தில் அதை வாசியுங்கள். பிள்ளைகளிடம் "ஆண்டவர் நல்லவர்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். கல்லூரிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைத்ததையும், மீட்க வழியில்லாமல் ஜெபித்ததையும், எந்த வாசல் வழியாக உதவி வந்தது என்பதையும் விவரமாகச் சொல்லுங்கள். நம் கஷ்டம் தெரியாமல் வளரும் பிள்ளைக்கு, அந்தக் கஷ்டத்தில் நம்மைத் தாங்கினவரும் தெரியாமல் போவார்.

வயதான அப்பாவோ ஆச்சியோ வீட்டில் இருந்தால், இந்த வாரமே அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். கர்த்தர் உங்களை எப்படி நடத்தினார் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் கையால் எழுதவையுங்கள். நாளைக்கு என்று தள்ளிவைக்காதீர்கள்.

(தொடரும்)