கந்தையிலே பிறக்கும் 'காந்தா'

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது நம் ஊர்ப் பழமொழி. அந்தக் கந்தைக்கும் வங்காளிகளின் 'காந்தா'வுக்கும் மூலம் ஒரே வடசொல்தான். சொல் ஒன்றானாலும் வழக்கம் வேறு. நம் வீடுகளில் பழைய நூல் சேலை முதலில் தூளியாகும், பிறகு கரித்துணியாகும், இல்லையென்றால் பாத்திரக்காரரிடம் போய் எவர்சில்வர் கிண்ணமாகத் திரும்பும். வங்காளத்திலோ அது போர்வையாகி, அடுத்த தலைமுறையின் தோள் மேல் ஏறுகிறது.

குளிர் இறங்கும் முன் டாலிகஞ்ச் பக்கத்து மொட்டை மாடிகளை ஏறிட்டுப் பார்த்தால் இது விளங்கும். பெட்டியில் அடைந்து கிடந்த படுக்கை விரிப்புகளை அப்போதுதான் வெயிலில் காயப் போடுவார்கள். பஞ்சு அடைத்த கனத்த 'லேப்' ஒரு பக்கம். பஞ்சே இல்லாத காந்தா மறு பக்கம்.

தைக்கும் விதம்

பலமுறை துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பருத்திச் சேலைகளும் வேட்டிகளும்தான் இதற்கு ஏற்றவை. அவற்றை ஒன்றன் மேல் ஒன்றாகத் தரையில் விரித்து, சுருக்கம் நீவி, ஓரங்களைத் தைத்துக் கொள்கிறார்கள். கைக்குட்டைக்கு அடுக்கு குறைவு; குளிர்காலப் போர்வைக்கு அதிகம். பிறகு எல்லா அடுக்குகளையும் சேர்த்து, ஊசியை மேலும் கீழுமாக விட்டு வாங்கும் எளிய ஓட்டுத் தையல். வரிசை வரிசையாகத் தையல் நெருங்க நெருங்க, துணியின் மேல் குளத்து நீரைப் போல மெல்லிய அலை எழும்புகிறது.

வண்ண நூலுக்கு அந்நாளில் கடைக்குப் போகவில்லை. சேலைக் கரையிலிருந்தே சிவப்பு, நீலம், கறுப்பு இழைகளை உருவிக் கொண்டார்கள். நடுவில் தாமரை, நான்கு மூலைகளிலும் மரம் அல்லது மாங்காய்ப் பிஞ்சு வடிவம், இடையில் யானை, மீன், பல்லக்கு என்று கண்டதெல்லாம் சித்திரமாயிற்று. சித்திரம் தைத்ததே 'நக்சி காந்தா'.

தந்தைக்கு ஒரு பரிசு

டாலிகஞ்சுக்குத் தென்மேற்கே, ஜோகா அருகில் உள்ள குருசதய் அருங்காட்சியகம் காந்தாக்களுக்குப் பெயர் பெற்றது. ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் (1882–1941) கிராமம் கிராமமாகச் சென்று திரட்டிய பொருள்கள் அவை. அவற்றுள் புகழ் பெற்றது, 19ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்ற பெண் தம் தந்தைக்காகத் தைத்தது. தம் பெயரையும் அதிலேயே தைத்து வைத்தார். ஏட்டில் இடம் பெறாத பெண்கள் பலருக்கு இந்தத் துணியே ஏடு.

கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட 'நக்சி காந்தார் மாட்' காவியத்தின் நாயகியும் அப்படித்தான். கணவனைப் பிரிந்த துயரையெல்லாம் காந்தாவில் தைத்து, அதைத் தன் கல்லறை மேல் விரிக்கச் சொல்லி மறைகிறாள்.

1947 பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்கள் விஜய்கட், நேதாஜி நகர் போன்ற டாலிகஞ்ச் வட்டாரக் காலனிகளில் குடியேறின. ஜெஸ்ஸூர், குல்னா, பரீத்பூர் என்று காந்தாவுக்குப் பேர்போன மாவட்டங்கள் பலவும் எல்லைக்கு அப்பால் போய்விட்டன. வீடு வாசலைச் சுமந்து வர முடியாது. கைப்பழக்கத்தைச் சுமந்து வரலாம் அல்லவா?

கூலி எவ்வளவு?

முன்பு காந்தா விற்பனைப் பொருளே அல்ல. பிறக்கப் போகும் குழந்தைக்கும், புகுந்த வீடு போகும் மகளுக்கும் மதிய ஓய்வில் தைத்தது. இன்று புதுப் பட்டிலும் பருத்தியிலும் அதே தையல் போடப்பட்டுக் கடைகளில் விலை போகிறது. 2008இல் மேற்கு வங்க நக்சி காந்தாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. டாலிகஞ்சுக்குத் தென்கிழக்கே உள்ள சோனார்பூரைச் சேர்ந்த பிரீதிகணா கோஸ்வாமிக்கு 2023இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

பெருமைதான். ஆனால் பெரிய காந்தா ஒன்றுக்கு மாதக்கணக்கில் கண்ணும் விரலும் நோகின்றன. கடையில் தொங்கும் விலைச்சீட்டுக்கும், வீட்டில் இருந்து தைப்பவள் பெறும் கூலிக்கும் உள்ள தூரம் அதிகம். பேரம் பேசுமுன் அந்த மாதங்களை நினைத்துப் பார்ப்பது நியாயம்.

மற்றொரு கவலை, பாலியெஸ்டர் சேலை. எத்தனை முறை துவைத்தாலும் அது பஞ்சு போல் ஆவதில்லை, வேர்வையை உறிஞ்சுவதுமில்லை. தேய்ந்த பருத்திச் சேலை அருகினால் பழைய முறைக் காந்தாவும் அருகும்.

ஆகவே ஊரிலிருந்து அம்மா கட்டிக் கழித்த சுங்குடியோ சின்னாளப்பட்டியோ பெட்டியடியில் கிடந்தால் பாத்திரக்காரரிடம் போட்டுவிட வேண்டாம். இரண்டு மூன்று சேலை, ஓர் ஊசி, அடுத்த வீட்டு மாஷிமாவின் யோசனை போதும். கொல்கத்தாவின் தை மாதக் குளிரில், அம்மாவின் சேலை பேரனைப் போர்த்திக் கொண்டிருக்கும்.