கட்டுரை தயாராகிறது: ஆவடியில் அன்று, அயப்பாக்கத்தில் இன்று

1991 ஜனவரியில், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் ஒரு தொழுநோய்த் தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. நான்கு தடுப்பூசிகள், ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புநீர். யாருக்கு எந்த ஊசி என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. நடத்தியது ஆவடியில் இருந்த ஜால்மா தொழுநோய் நிறுவனத்தின் களப்பிரிவு. பொறுப்பு டாக்டர் எம். டி. குப்தே. ஏறத்தாழ 3 லட்சம் பேரில் தகுதி பெற்றவர்கள் 2,16,000, முன்வந்தவர்கள் 1,71,400. ஊசி போட்டு முடிக்கவே இரண்டரை ஆண்டு ஆனது. அதன் பிறகு இரண்டு முறை மறு ஆய்வு. கட்டுரை இந்தியத் தொழுநோய் இதழில் வெளிவந்தபோது 1998 முடியப் போகிறது.

அந்த நான்கில் ஐ.சி.ஆர்.சி. என்ற தடுப்பூசி 65.5 சதவீதப் பாதுகாப்பு தந்தது, பி.சி.ஜி. மட்டும் என்றால் 34.1 என்று சொன்ன அதே சுருக்கத்தில் இன்னொன்றும் இருந்தது: நோயின் கடுமையான வடிவங்களை இவை தடுக்குமா என்று சொல்லும் அளவுக்குப் புதிய நோயாளிகள் வரவில்லை. ஏழெட்டு வருட உழைப்புக்குப் பிறகு, தெரியாததைச் சுருக்கத்திலேயே எழுதிவைத்தார்கள். எனக்கு அந்தக் கட்டுரையில் பிடித்த வரி அதுதான்.

கணினி வருவதற்கு முந்தைய காலத்தில் ஒரு கையெழுத்துப் பிரதியை அனுப்பும் நிலைக்குக் கொண்டுவருவது பாதி தச்சு வேலை. இரட்டை இடைவெளி, நாலு பக்கமும் தாராள ஓரம், கார்பன் வைத்து மூன்று பிரதி. மேற்கோள்களைக் கட்டுரையில் வரும் வரிசையில் எண்ணிடும் முறையை 1978-இல் வான்கூவரில் கூடிய இதழாசிரியர்கள் பொது விதியாக்கினார்கள். விதி நல்லதுதான். ஆனால் ஐந்தாவது மேற்கோளுக்குப் பின்னால் புதிதாக ஒன்றைச் செருகச் சொன்னால், தட்டச்சர் நிமிர்ந்து பார்க்கும் பார்வையைத் தாங்க வேண்டும். அதற்கப்புறம் வரும் எண் எல்லாம் மாறும். வரைபடத்தை ட்ரேசிங் தாளில் மையால் வரைந்து, ஸ்டுடியோவில் கொடுத்து, பளபளப்பான போட்டோவாக எடுத்து வர வேண்டும். பின்பக்கத்தில் பட எண்ணையும் 'மேல்' என்று ஓர் அம்புக்குறியையும் போட வேண்டும், அதுவும் அழுத்தாமல். அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். கடைசியில் இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் அட்டவணையின் எண்களை உரக்கப் படிக்க, மற்றவர் மூலப் பதிவேட்டில் டிக் போடுவார். பிறகு பதிவுத் தபால். பதில் வர மாதக்கணக்காகும்.

1999-இல் ஆவடிக் களப்பிரிவையும் சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் இணைத்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தை உருவாக்கியது. இன்று அது அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில், வீட்டுவசதி வாரியக் குடியிருப்புப் பகுதியில் இருக்கிறது. கொரோனா வந்த 2020-இல் மே 11 முதல் ஜூன் 4 வரை 21 மாநிலங்களின் 70 மாவட்டங்களில் 28,000 பேரின் ரத்தம் பரிசோதிக்கப்பட்டது. தொற்றின் பரவல் 0.73 சதவீதம் என்ற அந்தக் கட்டுரை, நிறுவனத்தின் இயக்குநர் மனோஜ் முர்ஹேகரை முதல் ஆசிரியராகக் கொண்டு, செப்டம்பரிலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்துவிட்டது. தட்டச்சு, தபால், அச்சு என்று இடையில் நின்ற கதவுகளெல்லாம் போய்விட்டன.

ஆனால் வேலை குறையவில்லை, இடம் மாறிவிட்டது. முன்பு எழுதி முடித்த பிறகு இருந்த சிரமம் இப்போது எழுதுவதற்கு ரொம்ப முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் இல்லாமல், கட்டுரையை அனுப்பும் இதழின் இணையப் போர்ட்டல் அடுத்த பக்கத்துக்கே போகாது. மருந்தோ ஊசியோ கொடுத்துச் செய்யும் ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு வேண்டும், 2018 ஏப்ரலிலிருந்து முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தால்தான் ஏற்பார்கள். கவனித்து மட்டும் எழுதும் ஆய்வுக்கு 'ஸ்ட்ரோப்' பட்டியல்: 22 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பக்க எண் குறிக்க வேண்டும். மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களும் மேற்படிப்பு மாணவர்களும் கட்டாயம் முடிக்க வேண்டிய ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பை நாடு முழுவதற்கும் இணையவழி நடத்துவது இதே அயப்பாக்கம் நிறுவனம்தான். அதன் கனமெல்லாம் ஆய்வுக் கேள்வி, மாதிரி அளவு, ஆய்வுத் திட்டம் ஆகியவற்றில் இருக்கிறது. சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள்.

இந்த மாற்றம் எல்லோருக்கும் உறைக்கவில்லை என்பதைப் புள்ளியியல் ஆசிரியர் எவரையும் கேட்டால் சொல்வார்.

"சார், டேட்டா முடிஞ்சுது. பி வேல்யூ மட்டும் போட்டுக் குடுத்தீங்கன்னா இந்த வாரம் சப்மிட் பண்ணிடுவேன்."

"எத்தனை பேர்னு முதல்ல எப்படிம்மா முடிவு பண்ணீங்க?"

"அது... ஓ.பி.யில வந்தவங்க எல்லாரும் சார்."

அதற்கு மேல் அந்தக் கட்டுரையை எந்த மென்பொருளும் காப்பாற்றாது. பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்ற விதி ஒரு பக்கம் நெருக்க, பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம் என்று தேன் ஒழுகும் மின்னஞ்சல்கள் இன்னொரு பக்கம் இழுக்கின்றன. தபால் காலத்தில் இந்தப் பிழைப்பு இல்லை. தாமதத்துக்கு அப்படி ஒரு உபயோகம் இருந்திருக்கிறது.

போர்ட்டலில் புதிதாக வந்திருக்கும் கட்டம் செயற்கை நுண்ணறிவு பற்றியது. பொறுப்பேற்க முடியாத கருவியை ஆசிரியராகப் போடக் கூடாது, பயன்படுத்தியிருந்தால் சொல்லிவிட வேண்டும் என்று சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழு 2023-இல் விதியில் சேர்த்தது. 'ஆம்' என்று டிக் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள். ஆங்கிலத்தைச் செப்பம் செய்யத்தான் என்றால் அதை அப்படியே எழுதிவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேற்கோள் பட்டியலை மட்டும் அதனிடம் கேட்டு வாங்கக் கூடாது. இல்லாத கட்டுரைக்கு இதழ் பெயர், ஆண்டு, பக்க எண்ணோடு அது மேற்கோள் தயாரித்துக் கொடுத்துவிடும். வான்கூவர் முறையில், வரிசை எண் பிசகாமல்.