உள்ளிருந்தே உணரும் இரத்தக் குழாய்

முன்னேஸ்வரம் பெருவிழாக் காலத்தில் அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்களும் சுவாமியின் பின்னால் வீதி வலம் வருகிறார்கள். அப்போது அவர்களின் கால் தசைகளுக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு இரத்தம் வேண்டும். இரத்தக் குழாய்களும் அதற்கேற்ப உடனே விரிந்துகொடுக்கின்றன. அந்த விரிவில் குழாயின் உட்சுவருக்கும் முக்கிய பங்குண்டு.

உரசலை உணரும் கலங்கள்

எல்லா இரத்தக் குழாய்களின் உட்புறத்தையும் அகவணிக் கலங்கள் ஒற்றை அடுக்காக மூடியிருக்கின்றன. இரத்தம் உரசிச் செல்லும் விசை, அதன் அழுத்தம், துடிப்பால் சுவர் இழுபடுவது ஆகிய மூன்றையும் அவை ஓயாமல் அளந்தபடி இருக்கின்றன. இந்த அளவையில் கலமென்சவ்விலுள்ள 'பியெசோ1' என்ற புரதத்துக்கு முக்கிய பங்குண்டு. விசை பட்டதும் அது திறந்து கல்சியத்தை உள்ளே விடுகிறது. 2010இல் இதைக் கண்டறிந்த குழுவின் தலைவர் ஆர்டெம் பட்டபூட்டியன், 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

செய்தி போகும் வழி

கல்சியம் கூடியதும் கலம் நைத்திரிக் ஒக்சைட் வாயுவைச் சுரக்கிறது. அது வெளிப்புறத் தசையைத் தளர்த்த, குழாய் விரிகிறது. பக்கத்துக் கலங்களுக்கும் நுண்ணிய இணைப்புகள் வழியே செய்தி பரவுகிறது. தளர்த்தும் செய்தி எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு சோதனை காட்டியது. 1980இல் விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்கொட் முயலின் பெருநாடித் துண்டுகளை ஆராய்ந்தார். அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தை இட்டதும், அகவணிக் கலங்களாலான உட்படை சிதையாத துண்டு தளர்ந்தது. உட்படை தேய்த்து அகற்றப்பட்ட துண்டு தளரவில்லை. தளர்த்தும் செய்தி உட்படையிலிருந்தே வருகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

கொழுப்புப் படியும் இடம்

தெதுறு ஓயா நேராக ஓடும் இடத்தில் மணல் தங்காது; நீர் சுழலும் இடத்தில்தான் படியும். கழுத்து நாடி இரண்டாகப் பிரியும் இடத்திலும் இரத்தம் சுழல்கிறது. சீரான ஓட்டம் கிடைக்காத கலங்கள் அழற்சியடைய, அங்கே கொழுப்புப் படிகிறது. மாரடைப்புக்குப் பெரும்பாலும் இத்தகைய படிவுகளே வழிவிடுகின்றன; பாரிசவாதத்துக்கும் அவை ஒரு காரணம். புகைத்தலும் கட்டுப்படாத சீனி வருத்தமும் இந்தக் கலங்களை மேலும் கெடுக்கின்றன. உப்பு மிகுந்தால் கலங்கள் விறைத்து, நைத்திரிக் ஒக்சைட் சுரப்பதும் குறைகிறது.

நாம் செய்யக்கூடியது

உப்பளமும் கருவாடும் பிழைப்பாக உள்ள நம் கரையோரத்தில் உப்பைக் குறைப்பது எளிதல்ல. என்றாலும் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உண்ணும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருவாடு, அச்சாறு, சம்பல் மூன்றும் ஒரே வேளைச் சோற்றில் சேர வேண்டாம். கருவாட்டை ஊறவைத்துக் கழுவி, கறிக்குத் தனியாக உப்பிடாமல் சமையுங்கள்.

வாரத்தில் 150 நிமிடமாவது விரைந்து நடங்கள். நடக்கும்போது கூடும் சீரான இரத்த ஓட்டமே அகவணிக் கலங்களுக்கான பயிற்சி. இருதய நோய் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்டுத் தொடங்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சு வலித்தால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பிரஷர் கூடியிருப்பது பெரும்பாலும் வெளியே தெரியாது. முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் அரச வைத்தியசாலையில் பிரஷரையும் சீனியையும் சோதித்துக்கொள்ளுங்கள். மாத்திரை தந்திருந்தால், உடம்பு சுகமாக இருக்கிறதென்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.